பின்சீட்டில் ஒரு வாரம்

சென்னை விமான நிலையத்துக்கும் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்கும் நடுவே சுமார் பதினாலாயிரம் கிலோமீட்டர். எவ்வளவோ பேர் முயன்றும் அதில் ஒரு மீட்டரைக்கூடக் குறைக்க முடியவில்லை. எங்கும் இறங்காமல் பறந்தால் பதினேழு மணி நேரம். அதற்கு மேல் வேகமாக ஓட்டினால் எரிபொருள் கட்டுப்படியாகாது. தூரமும் அசையவில்லை, வேகமும் அசையவில்லை. மிச்சம் இருந்தது நேரம். அதன் மேல் கைவைத்தார்கள்.

கண்டுபிடிப்பு இதுதான். விமானத்தின் முன்பகுதியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பதினேழு மணி நேரமும் கால் மணி நேரமாகக் கழிந்துவிடும். தூக்கமோ மயக்கமோ கிடையாது. அவர்களுடைய இதயம் கால் மணி நேரத்துக்குத்தான் துடிக்கும். நகம் கால் மணி நேரத்துக்குத்தான் வளரும். அவர்களிடமிருந்து எடுத்த நேரத்தை எங்கேயாவது வைத்தாக வேண்டும். அதைப் பின்பகுதியில் உட்கார்ந்திருப்பவர்கள் மேல் வைத்தார்கள். முன்னால் இருநூறு பேர், பின்னால் இருபது பேர். எனவே பின்னால் இருப்பவர்களுக்கு அதே பயணம் ஒரு வாரத்துக்குச் சற்று மேல். விமானிகளுக்கு மட்டும் பழைய பதினேழு மணி நேரம். அவர்களுடைய சங்கம் வேறெதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை.

பணக்காரர்கள் முன்னால் உட்காருவார்கள், ஏழைகள் பின்னால் உட்காருவார்கள் என்று கண்டுபிடித்தவர்கள் நினைத்தார்கள். மற்ற ஊர்களில் அப்படியே நடந்தது. சென்னையிலும் அப்படித்தான் நடந்திருக்கும். ஆனால் நாமக்கல்லிலிருந்து சென்னியப்பன் என்பவர் வந்து, விமான நிறுவனத்தின் அலுவலகத்தில் உட்கார்ந்து, பின்சீட்டு மொத்தம் எத்தனை என்று கேட்டார். கூலியாட்களை அனுப்புகிற ஏஜெண்ட் என்று நினைத்து அதிகாரி அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. சென்னியப்பன் மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் பயிற்சி மையம் நடத்துகிறவர்.

"ஒரு நாள்ல ஒரு வாரம் கெடைக்குதுங்க. இதையப் போயி எதுக்குங்க சல்லிசா வித்துட்டிருக்கீங்க?" என்றார்.

அதிகாரி எழுந்து போய் அவருக்குக் காபி கொண்டுவந்தார்.

அடுத்த மாதமே சென்னையிலிருந்து கிளம்பும் விமானங்களில் பின்சீட்டின் விலை முன்சீட்டைத் தாண்டியது. ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கத்துப் பெற்றோர்கள் தோட்டத்தை விற்றுப் பின்சீட்டு வாங்கினார்கள். பிள்ளைகள் சான் பிரான்சிஸ்கோவரை படித்துக்கொண்டே போய், படித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். காலண்டரில் இரண்டு நாள். பாடத்தில் இரண்டு வாரம். ஒரு வருடம் விடாமல் பறந்த பையன் ஒருவன் அந்த ஆண்டு மாநிலத்தில் முதலிடம் வாங்கினான். சான்றிதழில் அவனுக்குப் பதினேழு வயது. பாராட்டு விழா மேடையில் முன்மண்டை வழுக்கையோடும் சிறு தொந்தியோடும் நின்றான். "பையன் நல்லா வளந்துட்டான்," என்றார் அவனுடைய அப்பா.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. வாங்க ஆள் இருந்தால் போதாது, கொடுக்கவும் ஆள் வேண்டும். முன்சீட்டு இருநூறையும் நாள்தோறும் நிரப்பும் அளவுக்குப் பணக்காரர்களுக்கு அமெரிக்காவில் வேலை இல்லை. காலி சீட்டிலிருந்து நேரத்தை எடுக்க முடியாது. எனவே ஆள் பிடித்தார்கள். விமான நிலையத்தைச் சுற்றியுள்ள பம்மல், அனகாபுத்தூர், பொழிச்சலூர் பக்கத்துச் சந்துகளில் வேன் வந்து நின்றது. அடுத்தவர் சாமானைச் சுமந்துகொண்டு சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் பறந்து திரும்புகிறவர்களை முன்பு குருவி என்பார்கள். இவர்களையும் அப்படியே கூப்பிட்டார்கள். இவர்கள் எதையும் சுமக்க வேண்டாம், உட்கார்ந்தால் போதும். விசா பிரச்சினை வரும் என்று எல்லோரும் பயந்தார்கள். வரவில்லை. இறங்காதவர்களுக்கென்று அமெரிக்கா தனியாக ஒரு விசா கொடுத்தது. நேர்காணலில் ஒரே கேள்விதான். விமான நிலையத்தை விட்டு வெளியே போவாயா? போகமாட்டேன் என்றால் முத்திரை.

பொழிச்சலூர் பூங்காவனம் அப்படித்தான் குருவியானாள்.

அதற்கு முன் அவள் விமான நிலையத்திலேயே ஒப்பந்தத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க நின்று செய்கிற வேலையை விட்டு உட்கார்ந்து செய்கிற வேலைக்குப் போவதில் யோசிக்க ஒன்றும் இல்லை என்று நினைத்தாள். ஏறுவாள். பெல்ட் போடுவாள். மாம்பழ ஜூஸ் டப்பா ஒன்று கொடுப்பார்கள். அதைக் குடித்து முடிப்பதற்குள் பசிபிக் பெருங்கடல் முடிந்துவிடும். சான் பிரான்சிஸ்கோவில் ஜன்னல் இல்லாத ஒரு கூடத்தில் உட்கார வைப்பார்கள். சுத்தம் செய்து முடித்ததும் அதே விமானம், இன்னொரு ஜூஸ், சென்னை. வாரத்தில் மூன்று முறை. இரண்டு வருடமாக அமெரிக்கா போய்வந்த அவளுக்கு அமெரிக்காவில் தெரிந்தது அந்தக் கூடத்தின் கார்ப்பெட் மட்டும்தான்.

வீட்டில்தான் குழப்பம். திங்கட்கிழமை காலையில் குழம்பு வைத்துவிட்டுப் போவாள். புதன்கிழமை, அவள் கணக்கில் அரை நாள்கூட ஆகாமல், திரும்பி வந்து அதே குழம்பைச் சூடு பண்ணப் போவாள். அது புளித்து நுரைத்திருக்கும். மகள் மோனிஷாவுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்பாள். அவளோ காய்ச்சல் விட்டு, பள்ளிக்கூடத்துக்கும் போய் வந்திருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்காவனம் மகளுக்கு எடுத்த சுடிதார் அவள் கணக்கில் ஒரு மாதத்துக்குள் கண் எதிரே குட்டையானது. இரண்டு வருடத்தில் பூங்காவனம் வாழ்ந்தது நான்கைந்து மாதம். அதற்குள் மோனிஷா பத்தாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் உனக்கு வயசே ஏறவில்லையே, என்ன சோப்பு போடுகிறாய் என்று கேட்டார்கள். ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் புருஷன் ஏழுமலைக்கு மட்டும் அந்தப் பாராட்டு பிடிக்கவில்லை. புதிதாக வந்த பயணி ஒருத்தி அவனைப் பூங்காவனத்தின் அப்பா என்று நினைத்துவிட்டாள்.

பூங்காவனம் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. ஒருமுறைகூட விடுப்பு எடுக்காமல் இரண்டு வருடம் பறந்த குருவியின் பிள்ளைக்கு, தேர்வுக்கு முந்தைய ஒரு மாதம், பின்சீட்டு இலவசம். சென்னியப்பன் இதற்குச் சமூகநீதி இருக்கை என்று பெயர் வைத்து ஜி.எஸ்.டி. ரோடு நெடுகப் போஸ்டர் ஒட்டியிருந்தார். விமானத்துக்கு ஒரு சீட்டு. மோனிஷாவை அந்தச் சீட்டில் உட்கார வைத்துவிட்டால் அவள் டாக்டர். பூங்காவனத்துக்கு அதில் சந்தேகமே இல்லை. மோனிஷாவிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க நேரம் இருந்ததில்லை.

இந்த ஏற்பாட்டின் சூட்சுமத்தைப் பூங்காவனத்துக்குச் சொன்னவள் இந்துஜா. பயிற்சி மையத்தின் இயற்பியல் ஆசிரியை, சேலத்துப் பெண், எம்.எஸ்ஸி. படித்தவள். பிள்ளைகளோடு பின்சீட்டில் பறந்து பாடம் நடத்துகிறவள். சான்றிதழ்ப்படி வயது இருபத்தைந்து. பெண் பார்க்க வந்த மூன்று குடும்பங்கள் ஜாதகத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் காபியோடு எழுந்து போயிருந்தன. சம்பளம் காலண்டர் கணக்குப்படி. ஒரு வாரம் பாடம் நடத்தினால் ஒரு நாள் சம்பளம். அந்த ஜன்னலில்லாத கூடத்தில் அவள்தான் பூங்காவனத்துக்குப் பக்கத்தில் வந்து உட்காருவாள்.

"நேரத்த அழிக்க முடியாதுங்க அக்கா. ஒரு பக்கமிருந்து எடுத்து இன்னொரு பக்கம் வெக்கலாம். அவ்வளவுதான்," என்றாள் ஒருநாள்.

பூங்காவனம் யோசித்தாள். "எங்க ஏரியா குப்ப மாதிரி சொல்லு. ஒயிக்க மாட்டானுங்க. அள்ளினு போயி பக்கத்து ஏரியாவுல கொட்டுவானுங்க."

ஐந்து வருடம் இயற்பியல் படித்த தனக்கு இதை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லவில்லை என்று இந்துஜா சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று, பின்னால் பிள்ளைகள் படும் பாட்டைச் சொன்னாள். எல்லோருக்கும் கூடுதல் நேரம் கிடைப்பதால் எல்லோருக்கும் கூடுதல் மதிப்பெண். போன வருடம் முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளிலேயே கொஞ்சம் பேருக்கு இடம் இல்லை. அதனால் இந்த வருடம் இன்னும் அதிகம் பறக்கிறார்கள். பூங்காவனம் இதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. சீட்டு கிடைக்க இன்னும் ஆறு பயணம் பாக்கி இருந்தது. அதை எண்ணிக்கொண்டிருந்தாள்.

சீட்டு கிடைத்தது. சென்னையில் ஏறும் வரிசையில் பூங்காவனம் மகளுக்குச் சடையை அழுத்திப் பின்னி விட்டாள். இருபது பிள்ளைகளும் தலைக்கு ஒரு பை, ஒரு தலையணை, ஒரு கட்டு வினாத்தாளோடு பின்வாசல் வழியாக ஏறினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு வாரத்துக்கான புளிசாதமும் தயிர்சாதமும் ஊறுகாய் டப்பாக்களும் தள்ளுவண்டியில் ஏறின. வாசலில் பயிற்சி மையத்தின் வார்டன் நின்று தலையை எண்ணினான். பெயர் கேட்பதில்லை. நேரத்தை மாற்றி வைக்கும் கருவியை இருபது பேருக்கு என்று கணக்கு வைத்திருந்தார்கள். பத்தொன்பது என்றால் விமானம் கிளம்பாது, இருபத்தொன்று என்றாலும் கிளம்பாது. எனவே வார்டனின் கவலையெல்லாம் தலையோடு சரி. இந்துஜாவுக்கும் அவனுக்கும் தனிக் கணக்கு.

பூங்காவனம் முன்வாசல் வழியாக ஏறினாள். பெல்ட் போட்டாள். ஜூஸ் வந்தது. குடித்தாள். சான் பிரான்சிஸ்கோ வந்துவிட்டது.

பின்கதவு திறந்ததும் கூடம்வரை ஒரு வாடை வந்தது. ஒரு வாரம் காயாத துண்டின் வாடை. பிள்ளைகள் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, காலை உதறிக்கொண்டு வந்தார்கள். மோனிஷா கடைசியில் வந்தாள். பூங்காவனம் கொஞ்ச நேரம் முன்பு பின்னி விட்ட சடை இல்லை. வேறு யாரோ தளர்வாகப் பின்னியிருந்தார்கள். நெற்றியில் புதிதாக இரண்டு பரு இருந்தது. ஒன்று பழுத்து அடங்கிக்கொண்டிருந்தது.

"படிச்சியா கண்ணு?" என்று பூங்காவனம் கேட்டாள்.

"உன்னதான் பாத்துட்டிருந்தேன்," என்றாள் மோனிஷா.

முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு உண்டு. அந்தப் பக்கத்து வெளிச்சத்தை இந்தப் பக்கத்துக் கண்ணுக்கு ஏற்றபடி மாற்ற அதில் ஒரு சிறு கருவியும் உண்டு. பிள்ளைகளின் கவனம் சிதறும் என்று சென்னியப்பன் அதன் மேல் திரை போட்டுவிட்டார். வார்டன் தூங்கும்போது மோனிஷா திரையை விலக்கிப் பார்த்திருக்கிறாள். அங்கே இருநூறு பேர் மெழுகுப் பொம்மைகளாக உட்கார்ந்திருந்தார்கள். கண்ணிமைகள் இறங்குவதும் ஏறுவதும் பொழுது போவது மாதிரி இருந்தது. ஒருவர் தும்ம ஆரம்பித்ததைக் காலையில் பார்த்துவிட்டுப் போய், குளிக்காமல் பல் மட்டும் விளக்கி, சாப்பிட்டுவிட்டு வந்தால், அப்போதும் தும்மிக்கொண்டிருந்தார். மூன்றாவது வரிசையில் அம்மா.

"ரெண்டாவது நாள் மத்தியானம் நீ சிரிக்க ஆரம்பிச்ச. எனக்கு அப்ப டெஸ்ட். மூணு மணி நேரம் டெஸ்ட் எழுதிட்டு வந்து பாத்தேன். இன்னும் சிரிச்சிட்டிருந்த."

"நானா? எப்ப சிரிச்சேன்?"

"செருப்ப கழட்டிட்டு, கால நீட்டி, சீட்ல சாஞ்சுகினு. ஜூஸ கையில வெச்சுகினு."

பூங்காவனத்துக்கு நினைவு வந்தது. பத்து நொடியோ இருபது நொடியோ இருக்கும். பக்கத்து சீட்டுக்காரி திரும்பிப் பார்ப்பதற்குள் முடிந்துபோன சிரிப்பு. ஒவ்வொரு பயணத்திலும் அது வரும். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தாள்.

"உன்ன நெனச்சிதான் சிரிச்சிருப்பேன். பின்னாடி உக்காந்து படிக்கிறியேன்னு."

"பொய் சொல்லாதம்மா. மூணு மணி நேரம் உன் மூஞ்சிய பாத்திருக்கேன்."

அது பொய்தான். அந்த நேரத்தில் பூங்காவனம் மகளை நினைக்கவில்லை. எதையுமே நினைக்கவில்லை. அதனால்தான் சிரிப்பு வந்தது.

"வீட்ல நீ அப்டி சிரிச்சு நான் பாத்ததே இல்ல," என்றாள் மோனிஷா. குரல் உயரவில்லை. ஒரு வாரமாகச் சொல்லிப் பார்த்துவைத்த மாதிரி வந்தது. "ஞாயித்துக்கெழம வர. துணி தொவைக்கற, சோறு ஆக்கற, படிச்சியா படிச்சியான்னு கேக்கற. என்னை வுட்டுட்டு ஏறி உக்காந்தாதான் உனக்குச் சிரிப்பு வருது."

"உனுக்காகத்தான்டீ ஏறி உக்கார்றேன்."

"எனக்காக உக்காந்தா மூஞ்சி அப்டி இருக்காது."

கார்ப்பெட்டைப் பார்த்துக்கொண்டே மோனிஷா அடுத்ததையும் சொன்னாள். அவள் திரும்பப் பின்னால் போகப் போவதில்லை. முன்னால்தான் உட்காரப் போகிறாள். பின்னால் இன்னொரு வாரம் இருந்தால் பைத்தியம் பிடிக்கும். டாக்டர் படிப்பு வேண்டுமா என்று அம்மா ஒருதடவை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் தெரியவில்லை என்று சொல்லியிருப்பாள். அதுதான் உண்மை.

பூங்காவனம் கத்தினாள். இரண்டு வருடம் என்றாள். உன் மாதிரி எத்தனை பிள்ளைகள் இந்தச் சீட்டுக்கு ஏங்குகிறார்கள் என்றாள். ஏழுமலையின் தாயார் தொடங்கி அந்த வம்சத்தின் திமிரையெல்லாம் இழுத்தாள். கூடத்தில் இருந்த குருவிகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மோனிஷா அசையவில்லை. அதற்குள் வார்டன் வாசலில் நின்று எண்ணத் தொடங்கிவிட்டான். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. ஒரு தலை குறைந்தது. குறைந்தது யாருடைய பிள்ளை என்று தெரிந்தால் சீட்டு அப்போதே வேறொருவருக்குப் போய்விடும்.

இந்துஜா பூங்காவனத்தின் முழங்கையைத் தொட்டாள். "அக்கா, அவன் தலையத்தான் எண்ணுவான். யார் தலைன்னு பாக்க மாட்டான்."

பூங்காவனம் மகளின் கையில் தன்னுடைய போர்டிங் பாஸைத் திணித்தாள்.

"ஒரு தபாதான். சீட்ட புடிச்சி வெக்கிறேன். நாளான்னிக்கு நீதான் பின்னாடி போற. வாய மூடினு போ," என்றாள்.

இருபது என்றான் வார்டன்.

பின்பகுதியில் பூங்காவனத்துக்குக் கிடைத்த இடம், ஈரோட்டுப் பையன் ஒருவனுக்கும் கரூர்ப் பெண் ஒருத்திக்கும் நடுவே. தலைக்கு ஒரு வினாத்தாள் கட்டு என்பதால் அவளுக்கும் ஒரு கட்டு கொடுத்தார்கள். அவள் அதைத் தலைக்கு வைத்துப் படுத்தாள். முதல் இரண்டு நாள் தூங்கினாள். இவ்வளவு நீளமான தூக்கத்தை அவள் கடைசியாகத் தூங்கியது மோனிஷா பிறப்பதற்கு முன்பு. மணி அடித்தால் பிள்ளைகள் எழுந்தார்கள், மணி அடித்தால் எழுதினார்கள், மணி அடித்தால் நடைபாதையில் வரிசையாக நின்று முழங்காலை மடக்கி நீட்டினார்கள். அவள் எழுந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் படுத்தாள். வார்டன் ஒன்றும் சொல்லவில்லை. தலை இருந்தது.

மூன்றாம் நாள் ஈரோட்டுப் பையன் அவளையே தயங்கித் தயங்கிப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"ஆன்ட்டி, நீங்க எத்தனையாவது தடவ எழுதறீங்க?"

அவன் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டான். பூங்காவனத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்க முடியவில்லை. அவனுடைய காதோரத்தில் இரண்டு நரைமுடி இருந்தது.

நான்காம் நாள், வார்டன் வாயைத் திறந்துகொண்டு தூங்கும்போது, அவள் போய்த் திரையை விலக்கினாள்.

மூன்றாவது வரிசையில் மோனிஷா உட்கார்ந்திருந்தாள். சண்டை போட்ட முகம் அப்படியே இருந்தது. புருவம் நெரிந்து, கீழுதடு பிதுங்கி. அங்கே அவள் ஏறி உட்கார்ந்து ஏழெட்டு நிமிடம்தான் ஆகியிருக்கும். பூங்காவனம் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தாள். அவசரம் ஒன்றும் இல்லை. அடுப்பில் எதுவும் இல்லை. மகளுடைய மூக்கு மாமியாரின் மூக்காகிக்கொண்டிருந்தது. தாடைக்குக் கீழே அரை அங்குலத்துக்கு ஒரு தழும்பு. அது எப்போது, எதில் விழுந்து வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டிய தழும்பு. இடது காதில் இரண்டாவதாக ஒரு துளை. அதுவும் தெரியாது. தினமும் நாலு தடவை போய்ப் பார்த்தாள். கால் மரத்துப்போனபோது தயிர்சாதத் தட்டோடு அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் புருவம் இளகத் தொடங்கியது. உறிஞ்சுகுழலை வாயில் வைத்து ஜூஸை இழுக்க, கன்னம் மெல்லக் குழிந்து, மெல்ல நிமிர்ந்தது. பிறகு தலை பின்னால் சாய்ந்தது. தோள் இறங்கியது. கண் பாதி மூடியது. உதட்டின் ஓரம் நகர்கிறதா இல்லையா என்று பூங்காவனம் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நகர்ந்தது.

மோனிஷா சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு முழுதாக வர ஒரு தேர்வு நேரம் பிடித்தது. நடுவில் மணி அடித்தது, பிள்ளைகள் எழுதினார்கள், மணி அடித்தது, தாளை வாங்கினார்கள். இந்துஜா திருத்த வேண்டிய கட்டோடு வந்து பக்கத்தில் நின்று தானும் பார்த்தாள்.

"எதைய நெனச்சுச் சிரிக்கறாளோ," என்றாள்.

"ஒன்னியும் நெனக்கல," என்றாள் பூங்காவனம். "அவள யாரும் இன்னும் ஒன்னியும் கேக்கல. அதான்."

இன்னும் இரண்டு நாளுக்கு மேல் மீதி இருந்தது. அவள் தூங்கவில்லை. பார்க்கவும் போகவில்லை. தன் இடத்தில் உட்கார்ந்து முன்னால் இருந்த சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். யோசிக்கும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. முதல் நாள் தலை வலித்தது. ஒரு விஷயத்தைப் பாதி யோசிப்பதற்குள் யாரோ கூப்பிடப்போகிறார்கள் என்று உடம்பு எதிர்பார்த்தது. யாரும் கூப்பிடவில்லை. மறுநாள் முழுதாக யோசிக்க வந்தது.

சென்னையில் சென்னியப்பனே வந்திருந்தார், புகைப்படக்காரரோடு. சமூகநீதி இருக்கையின் இந்த வருடத்துத் தாயையும் மகளையும் சேர்த்து ஒரு படம் எடுத்து அடுத்த போஸ்டரில் போட வேண்டும். பூங்காவனம் பின்வாசலிலிருந்தும் மோனிஷா முன்வாசலிலிருந்தும் வந்ததை அவர் கவனிக்கவில்லை. இருவரையும் சேர்த்து நிறுத்தி, கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்.

"சார், அந்தச் சீட்ட வேற புள்ளைக்குக் குடுத்துருங்க," என்றாள் பூங்காவனம்.

"ஏனுங்கம்மா, ரெண்டு வருசம் உக்காந்து சம்பாரிச்ச சீட்டுங்க."

"உக்காந்தவளுக்கு அது தெரியாதா?"

சென்னியப்பன் அவளை ஒரு கணம் பார்த்தார். வற்புறுத்தவில்லை. அவர் கெட்டவர் இல்லை, வரிசை நீளமாக இருந்தது. அனகாபுத்தூர்க்காரி ஒருத்தி தன் மகனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். பூங்காவனம் கன்வேயர் பெல்ட்டைத் தாண்டுவதற்குள் பின்னால் கேமரா வெளிச்சம் மின்னியது.

மோனிஷாவுக்கு அம்மாவின் பின்னாலேயே ஓடிவர வேண்டியிருந்தது. அவள் சண்டைக்குத் தயாராக இறங்கியிருந்தாள். பதில்கள் எல்லாம் வாயில் சூடாக இருந்தன. எதிரில் சண்டை இல்லை.

"இப்பதானம்மா அந்தக் கத்து கத்தின? அர மணி நேரம்கூட முழுசா ஆவல. அதுக்குள்ள எப்டி மாறின?"

"எனுக்கு ஒரு வாரம் ஆச்சு," என்றாள் பூங்காவனம்.

மோனிஷா நடந்துகொண்டே அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். தூங்கி எழுந்த முகம். அதில் என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"கண்ணாடியில என்னைப் பாத்தியா?"

"எங்க பாக்கறது? தூங்கினேன்."

மோனிஷா அதை நம்பினாள். கொஞ்ச தூரம் போனபிறகு, "அப்ப நீயும் முன்சீட்டுக்குப் போவாதம்மா. அதான் சீட்டு வேணாம்னு சொல்லிட்டியே," என்றாள்.

செருப்பைக் கழற்றிக் காலை நீட்டும் அந்த இடத்தைப் பூங்காவனம் ஒருமுறை நினைத்தாள். அங்கே யாரும் எதையும் கேட்பதில்லை.

"அத்த யோசிக்க இன்னொரு வாரம் வேணும்," என்றாள்.

திரிசூலம் ஸ்டேஷன் எதிரில் ஏழுமலை ஷேர் ஆட்டோவை நிறுத்திவைத்துக்கொண்டு காத்திருந்தான். சவாரி போய்விட்டதென்று முணுமுணுத்தான். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, பழைய பல்லாவரத்தில் சந்தை. கூண்டுக்கோழியும் பழைய மிக்ஸியும் செடித்தொட்டியும் ரோட்டுக்கு வந்துவிட்டிருந்தன. லாரிக்குப் பின்னால் லாரி நின்றது. ஏழுமலை இஞ்சினை அணைத்துவிட்டு ஒரு பாக்கெட் வேர்க்கடலை வாங்கி இரண்டு பேருக்கும் கொடுத்தான். மோனிஷாவின் தாடைத் தழும்பு எப்படி வந்ததென்று பூங்காவனம் கேட்டாள். போன வருடம் சைக்கிளில் விழுந்தது என்று அவன் சொல்லத் தொடங்க, அப்படியில்லை என்று மோனிஷா குறுக்கே பேச, இருவரும் ஒரே நேரத்தில் இரண்டு விதமாகச் சொன்னார்கள். பூங்காவனம் இரண்டையும் கேட்டுக்கொண்டாள்.

விமான நிலையத்திலிருந்து பொழிச்சலூர் ஏழெட்டு கிலோமீட்டர்தான். போய்ச்சேர ஒரு மணி நேரம் ஆனது. ஆட்டோவில் இருந்த மூன்று பேருக்கும் அது ஒரு மணி நேரமாகவே இருந்தது.